நீர்ப்பல்லி மண ஆய்வகம்

தச்சநல்லூருக்கு வடக்கே ரயில் தண்டவாளத்தைத் தாண்டி இருக்கும் பொருநை நீர்நில உயிரியல் உயர் ஆய்வு நிலையத்தில் எல்லாமே உயர்வு. சுற்றுச்சுவர் உயர்வு, இயக்குநரின் நாற்காலி உயர்வு, அவர் பேசும் தொனி உயர்வு. ஆய்வு மட்டும் பின்பக்கத்தில், ஜீப் நிறுத்தும் கொட்டகையை ஒட்டிய ஒரு குளிரூட்டிய அறையில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது. நடத்தியவள் பிருந்தா. விக்கிரமசிங்கபுரத்துப் பெண், தற்காலிக ஆய்வாளர். தற்காலிகம் என்றால் என்ன பொருள் என்பதை அந்த நிலையம் அவளுக்கு அடிக்கடி நினைவுபடுத்தி வந்தது.

அறையில் ஒரு தொட்டி. தொட்டியில் கிழக்கு இமயத்துக் குட்டையிலிருந்து அனுமதி வாங்கிக் கொண்டுவந்த நீர்ப்பல்லிகள். பயணத்தில் தப்பிப் பிழைத்தது ஒரே ஒரு ஜோடி. பல்லி என்பது பெயரளவில்தான். சுவரில் ஓடும் பல்லிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தவளைதான் இதற்குச் சொந்தம். ஆனால் தவளை தொண்டை கிழியக் கத்திப் பெண்ணைக் கூப்பிடும். இது வாயைத் திறக்காது. ஆண் போய்ப் பெண்ணின் முகத்துக்கு எதிரே நின்று, வாலை மடக்கித் தண்ணீரை விசிறும். அதன் உடம்பில் சுரக்கும் ஒரு மணம் தண்ணீரோடு போய்ப் பெண்ணின் மூக்கில் சேரும். சொல்ல வேண்டியதெல்லாம் அந்த மணத்தில் இருக்கிறது. காலங்காலமாக அது மலைக்கு மலை மாறி வந்திருக்கிறது. பக்கத்து மலைக்காரன் வந்து எவ்வளவு விசிறினாலும் இந்த மலைக்காரிக்கு விளங்காது. அந்த மணம் எப்படி மாறியது, ஏன் மாறியது என்பதுதான் பிருந்தாவின் ஆய்வு. அந்தப் பருவத்தில் அந்த ஜோடி முட்டை வைத்தால் ஆய்வு உண்டு, வேலை உண்டு. வைக்காவிட்டால் இரண்டும் இல்லை.

அறையைப் பெருக்க வரும் இசக்கியம்மா ஒருநாள் துடைப்பத்தோடு வந்து தொட்டியருகே நின்றாள்.

"பொட்டைக்கு அவனப் புடிக்கலன்னா?"

"திரும்பிப் போயிரும் யக்கா."

"அவன் சும்மா விட்டுருவானா?"

"விட்டுருவான். தொடக்கூட மாட்டான். அவளுக்குப் புடிச்சிருந்தா அவன் பின்னாலயே பைய நடந்து போவா. அவன் முட்டைக்கு உசிரு குடுக்க ஒரு சின்ன விதைப்பொட்டலத்தத் தரையில வச்சுட்டு நகந்துருவான். அத எடுக்கதும் எடுக்காததும் அவ இஷ்டம்."

இசக்கியம்மா குனிந்து கண்ணாடிக்குள் வெகுநேரம் பார்த்தாள். "எம் மவளும் திரும்பித்தான் வந்தா," என்றாள். "நாந்தான் சமாதானம் சொல்லி வள்ளியூர் பஸ்ஸுல ஏத்திவிட்டேன்."

அவள் மகள் சித்ரலேகா கல்யாணமான மறுவருஷமே புகுந்த வீட்டில் செத்துப்போனாள். வயிற்றுவலி என்றார்கள். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் பெண் சந்தேகப்படும்படி இறந்தால் அதிகாரி நேரில் வந்து விசாரிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதிகாரி வருவார் என்று இசக்கியம்மாவிடமும் சொன்னார்கள். அவள் காத்திருந்தாள். போய்க் கேட்கும்போதெல்லாம் அவர் வேறு ஜோலியாக வெளியே போயிருந்தார்.

இந்த நிலையில்தான் பெயர்ப்பலகைகள் எல்லாம் தமிழில் இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. நல்ல உத்தரவு. பிருந்தா யோசித்து, ஆசையாக, 'நீர்ப்பல்லி மண ஆய்வகம்' என்று எழுதிக் கொடுத்தாள். இயக்குநர் குமரகுருபரன் ஒப்புதல் தந்தார். பலகை மாட்டப்பட்டது.

மணம் என்றால் வாசனை. மணம் என்றால் கல்யாணமும்தான். தமிழ் தெரிந்தவர்களுக்கு இதில் குழப்பமே கிடையாது. மல்லிகை மணம் என்று சொன்னால் மல்லிகைக்கு எப்போது கல்யாணம் என்று யாரும் கேட்பதில்லை. யாரும் என்று நான் சொல்வது சாதாரண மனிதர்களை.

துறைச் செயலர் ஆய்வுக்காகச் சென்னையிலிருந்து வந்தார். வந்தவர் பலகையை நிமிர்ந்து பார்த்தார். தொட்டியைக் குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"நல்ல காரியம். முகூர்த்தம் எப்போ?"

அறையில் இருந்த அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். இயக்குநர் குமரகுருபரன் தவளையின் தொண்டையை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவர். அந்தத் தொண்டை இன்றும் அவரிடம் இருக்கிறது. அது இப்போது திறந்தது.

"தங்கள் தேதிக்காகத்தான் காத்திருக்கிறோம் ஐயா."

"மாப்பிள்ளை எது?"

"வால் விசிறுகிறாரே, அவர்தான் ஐயா."

செயலர் வருகிற மாதத்தில் ஒரு தேதியைச் சொல்லிவிட்டுப் போனார். ஜீப்பின் புகை அடங்குவதற்குள் பிருந்தா இயக்குநரின் அறைக்கு ஓடினாள்.

"சார், மணம்னா இங்கன வாசனை. உங்களுக்குத் தெரியும்லா?"

"எனக்குத் தெரியும்."

"அப்ப அவுககிட்ட சொல்லியிருக்கலாம்லா சார்?"

குமரகுருபரன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஏம்மா, ஒரு சொல்லுக்கு ரெண்டு அர்த்தம் இருந்தா, மேல இருக்கவுக சொல்லுத அர்த்தந்தான் அர்த்தம். நீ கீழ இருக்க. உன் அர்த்தத்த உன்கிட்டயே பத்திரமா வச்சுக்கோ."

அன்று மாலையே அலுவலகக் கண்காணிப்பாளர் அருணாசலம் அண்ணாச்சி இரண்டு ஆட்களோடு வந்து தொட்டியின் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பை இறக்கினார். இடுக்கில் சொட்டுத் தண்ணீர் போகாதபடி பசை பூசச் சொன்னார்.

"எதுக்கு அண்ணாச்சி இது?"

"கல்யாணத்துக்கு முந்தி ஒரே தொட்டியிலயா? செயலர் காதுக்குப் போச்சுன்னா யாரு பதில் சொல்லுதது?"

ஆண் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று விசிறியது. மணம் கண்ணாடியில் மோதி அதனிடமே திரும்பியது. பெண் அந்தப் பக்கம் மூக்கை உயர்த்தி உயர்த்திப் பார்த்துவிட்டுக் கல்லுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அதன் வயிறு முட்டையால் உப்பியிருந்தது. பருவம் தவறினால் முட்டை வயிற்றிலேயே கெட்டுப்போகும், பல்லியும் பிழைக்காது. பிருந்தா ஒரு டம்ளரில் ஆண் பக்கத்துத் தண்ணீரை மொண்டு, பெண் பக்கம் ஊற்றினாள். பெண் சட்டென்று வெளியே வந்தது. தலையைத் தூக்கி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகத் தேடியது. பார்த்துக்கொண்டிருந்த பிருந்தாவுக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் அவளுக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. 'மணத்துக்கு முன் மணம் கடத்தியமை' என்பது குற்றம். டம்ளர் பறிமுதல் ஆனது.

அடுத்து ஒரு குழு கூடியது. உறவுமுறைக் குழு. "ரெண்டையும் எங்கன புடிச்சீங்க?" என்று அருணாசலம் கேட்டார்.

"ஒரே குட்டையிலதான்."

குழுவில் கலக்கம் ஏற்பட்டது. ஒரே குட்டை என்றால் பங்காளி. ஒரு வயிற்றுப் பிள்ளைகளாகவும் இருக்கலாம். பங்காளிக்குள் கல்யாணம் நடத்தியதாக நாளைக்கு ஒரு தணிக்கைக் குறிப்பு வந்தால் குடும்பத்தோடு தலைகுனிவு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இயக்குநர் தீர்ப்பு சொன்னார். ஆணைக் குட்டையின் வடகரையிலும் பெண்ணைத் தென்கரையிலும் பிடித்ததாக வைத்துக்கொள்ளலாம். இடையில் தண்ணீர் இருக்கிறது. ஆகவே அத்தை மகள். எல்லாரும் கைதட்டினார்கள். பிருந்தா தட்டவில்லை. அதுவும் கவனிக்கப்பட்டது.

பெண்ணைத் தாரை வார்க்கும் புண்ணியத்தைச் செயலர் தமக்கே வைத்துக்கொண்டார். அதில்தான் சிக்கல். செயலர் பெண் வீடு என்றால் மாப்பிள்ளை வீடு யார்? செயலருக்குச் சரிசமமாகச் சம்பந்தி என்று நாற்காலி போட்டு உட்காரும் துணிச்சல் இயக்குநருக்கு இல்லை. இயக்குநரே மறுத்ததை ஏற்கத் துணை இயக்குநருக்கு இல்லை. அந்தப் பதவி படிப்படியாக இறங்கி, அருணாசலத்தின் மேசையில் சற்றே தங்கி, கடைசியில் பிருந்தாவிடம் வந்து நின்றது.

"மாப்பிள்ளைக்கு அம்மா நீ," என்றார் அருணாசலம். "இங்கன ஒரு கையெழுத்து."

"எனக்கே இன்னும் கல்யாணம் ஆகல அண்ணாச்சி."

"அது உன் சொந்த விஷயம். அதுல நிலையம் தலையிடாது."

அவள் கையெழுத்துப் போட்டாள். போடாவிட்டால் தடுப்பை எடுக்க மாட்டோம் என்றார்கள். எப்படியோ கல்யாணம் நடந்தால் இரண்டும் ஒரே தண்ணீருக்கு வந்துவிடும் என்று அவள் கணக்குப் போட்டாள். அவள் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த இடத்தில் யாராக இருந்தாலும் போட்டிருப்பார்கள்.

முகூர்த்தத்தன்று அறை வாசலில் வாழைமரம் கட்டினார்கள். நாதஸ்வரத்துக்கு அறைக்குள் இடமில்லாததால் அதைக் கொட்டகையில் ஜீப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். தாம்பாளத்தில் சந்தனம், குங்குமம், மஞ்சள் அரிசி. வெள்ளிச் செம்பில் பன்னீர். பன்னீரைப் பார்த்ததும் பிருந்தா இயக்குநரின் பக்கத்தில் போய் நின்றாள்.

"சார், இதுக தோலாலயும் மூச்சு விடும். தண்ணில என்ன கலந்தாலும் உள்ள இழுத்துக்கிடும். பன்னீர் ஊத்தினா ரெண்டும் செத்துரும். அதோட மணமும் போயிரும். ஒண்ணுக்கு ஒண்ணு அடையாளமே தெரியாது சார்."

"செயலர் பன்னீர் தெளிக்கதத் தடுத்தா," என்றார் குமரகுருபரன் பைய, சிரித்த முகம் மாறாமல், "அப்பறம் நான் எதால மூச்சு விடுததுன்னு சொல்லு."

செயலர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"என் சொந்த மகள் கல்யாணத்துக்கு நான் ஒரே ஒரு நாள்தான் விடுப்பு எடுத்தேன். இந்தப் பெண்ணுக்காக மூன்று நாள் சுற்றுப்பயணம் போட்டு வந்திருக்கிறேன். உயிரினங்கள் மேல் நமக்கு எவ்வளவு அக்கறை என்பது இதிலிருந்தே விளங்கும். இந்த இனத்தில் பெண் பேசாதாம். சத்தமே போடாதாம். இயக்குநர் சொன்னார். எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. இப்படிப்பட்ட பெண் இன்றைக்கு எங்கே கிடைக்கிறது? அழியும் நிலையில் உள்ள இனம் என்கிறார்கள். அழிய விடக்கூடாது. வீட்டுக்கு வீடு பரவ வேண்டும்."

பின்வரிசையில், தேநீர்த் தட்டோடு நின்றிருந்த இசக்கியம்மா தலைகுனிந்துகொண்டாள்.

தடுப்பு எடுக்கப்பட்டது. ஆண் ஒரு கணமும் காத்திருக்கவில்லை. நேரே போய்ப் பெண்ணின் முகத்துக்கு எதிரே நின்று வாலை மடக்கியது. பெண் கல்லடியிலிருந்து பாதி வெளியே வந்து மூக்கை உயர்த்தியது. அப்போது செயலர் செம்பைக் கவிழ்த்தார். தெளிக்கத்தான் நினைத்தார் போலும். கேமராக்காரர் இன்னும் கொஞ்சம் ஐயா, இன்னும் கொஞ்சம் ஐயா என்றதால் முழுவதும் விழுந்தது. பிறகு இயக்குநர் சந்தனம் கரைத்தார். துணை இயக்குநர் குங்குமம். அதன்பின் பதவி வரிசையில் மஞ்சள் அரிசி.

ஆண் விசிறிக்கொண்டே இருந்தது. பெண் தேடிக்கொண்டே இருந்தது. ஒரு சாண் தூரத்தில் நின்றும் பெண்ணுக்கு அவன் அங்கே இல்லை. பன்னீர் மட்டும்தான் இருந்தது. மெல்லத் திரும்பிக் கல்லடிக்கே போயிற்று.

"மணம் இனிதே முடிந்தது," என்று இயக்குநர் ஒலிபெருக்கியில் அறிவித்தார். அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே உண்மை அதுவாக இருக்கும்.

எல்லாரும் பந்திக்குப் போன பிறகு பிருந்தா தண்ணீரை மாற்றி மாற்றிப் பார்த்தாள். காலையில் பெண் மல்லாந்து மிதந்தது. வயிறு அப்படியே உப்பலாக இருந்தது. ஆண் அதன் முகத்துக்கு எதிரே நின்று மெதுவாக வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. மத்தியானம் அந்த வாலும் நின்றுபோனது.

தகவல் சொன்னதும் நிலையத்தில் துக்கம் யாருக்கும் வரவில்லை, பயம் வந்தது. அருணாசலம் கோப்பைப் புரட்டிவிட்டு வியர்த்துப்போய் வந்தார்.

"கல்யாணம் பதிவாயிருக்கு. புதுப்பொண்ணு மறுநாளே போயிட்டு. ஏழு வருஷத்துக்குள்ள போனா விசாரணை உண்டு. விசாரணை இல்லாம நான் கோப்ப மூட முடியாது."

"அண்ணாச்சி, அது பல்லி!"

"மெல்லப் பேசும்மா. பல்லின்னா, செயலர் பல்லியவா தாரை வார்த்தாவன்னு கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு யாரு பதில் சொல்லுதது?"

இப்படியாக இனத்தால் பல்லியானாலும் அது பெண்ணாகவே இறந்ததாக முடிவானது. காரணம் பன்னீர் என்று எழுத முடியாது. ஊற்றிய கை பெரிய கை. மிச்சம் இருந்தது மாமியார் கொடுமை. தேடியபோது சான்றும் கிடைத்தது. வந்த நாள் முதல் அந்தப் பெண்ணுக்கு மண்புழுவைத் தவிர வேறு சாப்பாடு போடப்படவில்லை. கல்யாணத்தன்று அதுவும் போடவில்லை.

"உன் மேல எனக்கு ஒரு கோவமும் கிடையாது," என்றார் குமரகுருபரன் பிருந்தாவிடம். "சட்டம் அது போக்குல போகும். நான் எப்பவும் பெண்கள் பக்கம். ஆனா நீ மாமியார்லா?"

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. வாசலில் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் அவள் பெயரையும் வீட்டு முகவரியையும் கேட்டு, ஊரை விட்டு எங்கும் போகக்கூடாது என்று சொன்னபோது அது நின்றுவிட்டது. விக்கிரமசிங்கபுரத்துக்கு போன் பண்ணினாள். அப்பா, என்னம்மா என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்துவிட்டாள்.

விசாரணை அதிகாரி மறுநாளே வந்தார். இதைத்தான் சொல்ல வேண்டும்: மறுநாளே வந்தார். ஜீப்பிலிருந்து இறங்கி, துணி விரித்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, மின்விசிறியைக் கூட்டச் சொன்னார். மேசையைத் துடைத்ததும் தண்ணீர் வைத்ததும் இசக்கியம்மாதான். செம்பை வைத்துவிட்டு அவள் போகவில்லை. அதிகாரியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பல மாதங்களாகத் தேடிப்போன முகம் அது.

"இவுகதானா தாயி?" என்று பிருந்தாவின் காதில் கேட்டாள். "பல்லிக்கு வந்துட்டாவளே!"

அதிகாரி பேனாவை எடுத்தார். "இறந்த பெண்ணின் பெயர்?"

யாரும் அதற்குப் பெயர் வைத்திருக்கவில்லை. இயக்குநர் அருணாசலத்தைப் பார்த்தார். அருணாசலம் பிருந்தாவைப் பார்த்தார். பிருந்தா இசக்கியம்மாவைப் பார்த்தாள். எப்படியும் தனக்குப் போக்கிடம் இல்லை என்பது அப்போது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அந்தத் தெளிவில் ஒரு தைரியமும் வந்தது.

"சித்ரலேகா," என்றாள்.

இசக்கியம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"வாழ்க்கைப்பட்ட ஊர்?"

"வள்ளியூர்."

"இறப்புக்குக் காரணம்?"

"வயித்துவலின்னு சொன்னாவ ஐயா," என்றாள் இசக்கியம்மா முன்னால் வந்து. குரல் உடைந்திருந்தது, ஆனால் நிற்கவில்லை. "நான் போறதுக்குள்ள துணியப் போட்டு மூடிட்டாவ. வெலக்கிப் பாத்தேன். களுத்துல கருப்பாக் கெடந்துச்சு. அவ மாமியாதான் பக்கத்துல இருந்தா. மாமியா பேரும் எனக்குத் தெரியும், சொல்லுதேன். இந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது ஐயா, இது ஆராய்ச்சி பண்ணுத பிள்ளை."

அதிகாரி பேனாவை நிறுத்தினார். "நீ யாரு?"

"பொண்ணப் பெத்தவ."

"இது பல்லி சம்பந்தமான விசாரணை," என்றார் அதிகாரி, சிறு பிள்ளைக்குச் சொல்வதுபோல. "மேலிடத்துல இருந்து சொல்லி வந்திருக்கேன். மனுஷங்களோடதெல்லாம் வேற. அதுக்கு வரிசை இருக்கு."

"வரிசையிலதான் ஐயா நின்னேன்."

"அதுக்கு நான் என்ன செய்ய முடியும்? எனக்கு வந்த உத்தரவுல இனம் பல்லின்னு இருக்கே."

இசக்கியம்மா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப எம் மவளப் பல்லின்னே எழுதிக்கிடுங்க ஐயா. விசாரிச்சாப் போதும்."

இயக்குநர் குமரகுருபரன் கூரையைப் பார்த்தார். அங்கே குழல்விளக்குக்குப் பின்னாலிருந்து ஒரு வீட்டுப் பல்லி, உண்மையான பல்லி, உச்சுக் கொட்டியது. அதிகாரியின் விரல் பழக்கதோஷத்தில் மேசையைத் தட்டியது. தட்டிய பிறகு அவருக்கே ஒரு மாதிரி ஆகியிருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

பெயர் சித்ரலேகா என்று எழுதினார். ஊர் வள்ளியூர் என்று எழுதினார். இனம் என்ற இடத்தில் பல்லி என்று எழுதினார். இசக்கியம்மா எட்டிப் பார்த்து, சரிதான் என்று தலையை ஆட்டினாள்.